நாடும் காடும்

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் வாழப்பாடி என்னும் ஊர் அமைந்துள்ளது. பாக்குத் தோப்புகளும் மரவள்ளித் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் அது. வடக்கே அருநூற்றுமலையும், வடகிழக்கே கல்வராயன் மலைத்தொடரும், மேற்கே சேர்வராயன் மலையும் நீலச் சுவர்களைப் போல எழுந்து நிற்கின்றன. ஊருக்கு வடக்கே புழுதிக்குட்டை என்னுமிடத்தில் வசிட்ட நதியின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டுள்ளது. அவ்வணையின் பெயர் ஆனைமடுவு. கிழக்கே ஆத்தூரை அடுத்து, முட்டல் என்னும் சிற்றூரின் அருகே ஓர் அருவி வீழ்கின்றது. அவ்வருவியின் பெயர் ஆனைவாரி. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. வாரி என்பது வெள்ளம். இப்பெயர்களை ஊன்றி நோக்குவார்க்கு, ஒரு காலத்தில் இம்மலையடிவாரங்களில் களிறும் பிடியும் கன்றும் நீராடித் திரிந்தன என்று எண்ணத் தோன்றும்.

இன்று ஆனைமடுவில் அணை இருக்கிறது, நீர் இருக்கிறது, ஆனை பெயரில் மட்டுமே இருக்கிறது. யானையைக் காண விரும்பும் வாழப்பாடி மாணவன் முதுமலைக்கோ சத்தியமங்கலத்திற்கோ செல்ல வேண்டும். சிங்கத்தைக் காண விரும்பினால் குஜராத்திற்கும், காண்டாமிருகத்தைக் காண விரும்பினால் அசாமிற்கும் செல்ல வேண்டும். செல்வது நன்றே. 32 இலட்சம் சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பும், அரசியலமைப்புச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற மொழிகள் மட்டுமே 22-உம் உடைய நாட்டில் பிறந்தவர்கள், தம் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டாமலே முதுமை எய்துவது இரங்கத்தக்கது. ஆயினும், செல்வோர் எதனைக் காணச் செல்கின்றனர் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

நாடு காணச் செல்வோர் இந்நாளில் இருவகையினராகப் பிரிந்து நிற்கின்றனர். கோயில், கோட்டை, கூத்து, திருவிழா ஆகியவற்றைக் காணச் செல்வோர் ஒரு வகையினர். காட்டையும் விலங்கையும் காணச் செல்வோர் மற்றொரு வகையினர். முன்னவர் காட்டினுள் புகுவதில்லை. பின்னவர் ஊரினுள் புகுவதில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு பயணங்கள் என்று எண்ணுவது பெரும் பிழை என்பதே என் கருத்து. நெருங்கி மக்கள் வாழும் நம் நாட்டில் ஒரு விலங்கு இன்றும் உயிரோடு உலவுகிறது என்றால், அதன் அருகே வாழும் மக்கள் அதனைப் பொறுத்துக்கொண்டிருக்கின்றனர் என்பது பொருள். அவர்கள் பொறுப்பதற்குக் காரணம் அவர்களுடைய சமயமாக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம், பழக்கமாக இருக்கலாம். அக்காரணத்தை அறியாமல் விலங்கை மட்டும் கண்டு மீள்பவன், பாதி நாட்டையே கண்டவன் ஆவான்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்கு ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தை ஒட்டிக் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகட்டுகின்றன. ஏரி நீரில் கலக்கும் பறவைகளின் எச்சம் தங்கள் வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆதலால் பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்தனர். 1798ஆம் ஆண்டில், அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயரிடமிருந்து அவ்வுரிமையை எழுத்தாகவும் பெற்றனர். அரசாங்கங்கள் சரணாலயம் என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, ஓர் ஏரிக்கரை ஊர் அச்செயலைச் செய்து முடித்திருந்தது.

சேலத்திலிருந்து வாழப்பாடி வழியாகச் செல்லும் இருப்புப்பாதை விருத்தாசலத்தைச் சென்றடைகிறது. அங்குள்ள பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. அக்கோயிலுக்குச் செல்லும் நம்மவர் அம்மரத்தை வலம் வந்து வணங்குவர். அதே மரத்தை இராஜஸ்தானத்தில் கேஜ்ரி என்று அழைக்கின்றனர். மழை அரிதாகப் பெய்யும் அம்மணல் நிலத்தில் அதன் இலை ஆட்டிற்கும் ஒட்டகத்திற்கும் உணவு; காய் மனிதர்க்குக் கறி; நிழல் பயிருக்குக் காவல். நமக்கு வழிபாட்டுக்குரிய மரமாக நிற்பது, அவர்களுக்கு வாழ்வாகவே நிற்கின்றது.

அம்மரத்திற்காக உயிர்விட்ட மக்களின் வரலாற்றை ஒவ்வொரு மாணவனும் அறிந்திருக்க வேண்டும். ஜோத்பூர் நகருக்கு அருகில் கேஜ்ரலி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்பவர் பிஷ்னோய் என்னும் சமயத்தார். 15ஆம் நூற்றாண்டில் ஜாம்போஜி என்னும் பெரியார் வகுத்த 29 நெறிகளைப் பின்பற்றுவதால் அவர்களுக்கு அப்பெயர் வந்தது. இருபதும் ஒன்பதும் சேர்ந்ததே அச்சொல். பச்சை மரத்தை வெட்டாமையும் உயிர்களிடத்து இரக்கமும் அந்நெறிகளுள் அடங்கும். 1730ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னர் அபயசிங்கின் ஆட்கள், அரண்மனை வேலைக்கு வேண்டிய சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு தேடி அவ்வூருக்கு வந்து வன்னி மரங்களை வெட்ட முற்பட்டனர். அமிர்தா தேவி என்னும் பெண்மணி ஒரு மரத்தைத் தழுவி நின்று தடுத்தார். கோடரி மரத்தின்மேல் விழுவதற்கு முன் அவர்மேல் விழுந்தது. அவருடைய பெண்மக்கள் அவரைத் தொடர்ந்தனர். பின்னர் ஊர்மக்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். 363 பேர் மாண்ட பிறகே மன்னர் வெட்டுவதை நிறுத்தினார்.

இன்று அவ்வட்டாரத்திற்குச் செல்பவர்கள் வெளிமான்கள் வீட்டு வாயிலில் அஞ்சாமல் மேய்வதைக் காணலாம். தாயை இழந்த மான்கன்றைப் பிஷ்னோய் மகளிர் தம் வீட்டிலேயே வளர்ப்பர். விறகிற்காக மரத்தை வெட்டுதல் கூடாது என்பதனால், இறந்தோரை எரியூட்டாமல் புதைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. வெளிமானின் திருகிய கொம்பைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பும் பயணி, இச்செய்திகளைக் கேட்காமலே திரும்பிவிட்டால், அவன் அத்துணைத் தொலைவு செல்லாமல் நம் கோடியக்கரையிலேயே அம்மானைக் கண்டிருக்கலாம். அங்கும் வெளிமான்கள் உள்ளன.

சேலம் நகரில் நெசவுத் தொழிலாற் சிறந்த சௌராட்டிர மக்கள் பலர் வாழ்கின்றனர். வீட்டில் தம் மொழியைப் பேசி, வெளியில் தமிழ் பேசும் இவர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியை விட்டுத் தெற்கே வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த அந்நிலத்திலேதான் கீர் என்னும் காடு உள்ளது. ஆசியச் சிங்கம் தன்னியல்பில் உலவும் இடம் இன்று உலகில் அது ஒன்றே. ஒரு காலத்தில் மேற்கு ஆசியா முதல் வட இந்தியா வரை பரவியிருந்த அவ்வினம், வேட்டையால் அழிந்து அழிந்து, இறுதியில் ஜூனாகட் நவாபின் எல்லைக்குள் மட்டும் எஞ்சியது. நவாபுகள் வேட்டையைத் தடுத்தனர். பின்னர் 1965இல் அக்காடு சரணாலயமாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்குள்ள சிங்கங்கள் 891. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை காப்புக் காட்டிற்கு வெளியே, வயல்களிலும் ஊர்ப்புறங்களிலும் திரிகின்றன என்பது வியப்பிற்குரியது.

சிங்கம் வயலில் திரியும் நாட்டில் மக்கள் எங்ஙனம் வாழ்கின்றனர்? கீர்க் காட்டில் மால்தாரிகள் எனப்படும் ஆயர்கள் உள்ளனர். மால் என்பது கால்நடைச் செல்வம். அதனை உடையவர் மால்தாரி. நம் பழந்தமிழ் மொழியிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டன்றோ? எருமைகளை வளர்த்துப் பாலும் நெய்யும் விற்று வாழும் இவர்கள், முள்வேலி சூழ்ந்த சிறு குடியிருப்புகளில் தங்குகின்றனர். இரவில் சிங்கம் முழங்கும் ஒலி அவர்கள் குழந்தைகளுக்குப் பழக்கமான ஒலி. சாவஜ் என்று தங்கள் மொழியில் சிங்கத்தை அழைக்கும் அவர்கள், எருமையொன்றை அது கொன்றுவிட்டால் வருந்துவர்; அரசு தரும் இழப்பீட்டைப் பெறுவர்; ஆயினும் நஞ்சு வைத்துப் பழிதீர்க்கும் எண்ணம் கொள்வோர் அரியர். அதே வட்டாரத்து ஜாம்பூர் என்னும் ஊரில், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து முன்னாளில் வந்த சித்தி இனத்தவர் குஜராத்தி பேசி வாழ்கின்றனர். அவர்களுடைய முழவின் தாளமும் ஆட்டமும் ஆப்பிரிக்காவை நினைவூட்டும். சிங்கமும் சித்தியரும் ஒரே காட்டின் விளிம்பில் வாழும் காட்சி, நம் நாட்டின் விரிவை எந்த நிலப்படத்தினும் தெளிவாக விளக்கும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயற்கை. மக்களே விலங்குகளைக் காத்தனர் என்றால், அவற்றை அழித்தவர் யார்? அழித்தவரும் மக்களே. இதனை மறைப்பதிற் பயனில்லை. மன்னர்களும் ஆங்கில அதிகாரிகளும் கொன்று குவித்த புலிகளின் தோல்கள் அரண்மனைச் சுவர்களை நிரப்பின. சிவிங்கிப்புலி என்று தமிழில் வழங்கும் விரைவோட்ட விலங்கைப் பிடித்துப் பழக்கி, மான்வேட்டைக்குப் பயன்படுத்தினர். பிடித்துப் பிடித்தே அவ்வினம் அருகியது. காடும் புல்வெளியும் சுருங்கின. எஞ்சியதும் துப்பாக்கிக்கு இரையாயிற்று. 1952இல் அது நம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழிந்து, 2022 செப்டம்பர் 17ஆம் நாள் ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகளை விமானத்தில் கொணர்ந்து, மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட நேர்ந்தது.

எளிய மக்களும் வேட்டையாடினர். வேட்டையைப் பெருமையாகவும் கருதினர். ஆயினும் தாமே மனம்மாறித் தம் வழக்கத்தைத் துறந்த ஊர்களும் நம் நாட்டில் உள்ளன. அவற்றுள் இரண்டு, நாட்டின் வடகிழக்குக் கோடியில் உள்ளன. அங்குச் செல்ல நமக்கு எளிய வழி உண்டு. கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகருக்குச் செல்லும் விவேக் விரைவு இரயில் சேலம் வழியாகவே செல்கிறது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அவ்வண்டியின் சாளரத்தருகே அமர்ந்தவன், விலைமதிப்பற்ற ஒரு நூலைப் படித்தவன் ஆவான். பனையும் தென்னையும் பின்னே ஓடும். இராஜமகேந்திரபுரத்தில் கோதாவரி கடலைப் போல விரியும். கட்டாக்கில் மகாநதி தோன்றும். வங்கத்தில் மூங்கிற்புதர் சூழ்ந்த குளங்களும், அசாமில் தேயிலைத் தோட்டங்களும் வரும். நிலையந்தோறும் எழுத்து மாறும், உணவு மாறும், தேநீர்க் குவளையின் வடிவமும் மாறும். வானூர்தியில் சில மணி நேரத்தில் சென்று சேர்வோர்க்கு இவை எதுவும் கிட்டுவதில்லை.

அசாமில் காசிரங்கா என்னும் பூங்காவைக் காணாமல் மேலே செல்லுதல் தகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகச் சிலவாகக் குறைந்துவிட்ட ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள், 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 2,613 ஆகப் பெருகியிருந்தன. பிரமபுத்திரா ஆண்டுதோறும் பெருக்கெடுத்து அக்காட்டை மூழ்கடிக்கிறது. வெள்ளம் கொணரும் வண்டலே அங்குப் புல்லை வளர்க்கிறது. அதே வெள்ளம் விலங்குகளை விரட்டவும் செய்கிறது. அப்போது அவை தெற்கே உள்ள நெடுஞ்சாலையைக் கடந்து, கர்பி மக்கள் வாழும் மேட்டு நிலத்திற்கு ஏறிச் செல்கின்றன. ஆதலின் அக்காலத்தில் அச்சாலையில் வண்டிகளின் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. காண்டாமிருகத்தின் உயிர் பூங்காவின் வேலிக்குள் மட்டும் இல்லை. அப்பாலுள்ள கர்பி மலையிலும் இருக்கிறது.

விவேக் விரைவு இரயில் நாகாலாந்தின் திமாப்பூரிலும் நிற்கும். அங்கிருந்து மலைப்பாதையில் கொகிமாவைக் கடந்து சென்றால் கோனோமா என்னும் அங்காமி நாகர் ஊரை அடையலாம். 1879இல் ஆங்கிலப் படையை எதிர்த்துப் போரிட்ட வீரர்களின் ஊர் அது. வேட்டை அவர்களுக்கு உணவும் ஆயிற்று. ஆண்மையின் அடையாளமும் ஆயிற்று. காட்டில் பறவைகள் குறைந்து வருவதைக் கண்ட அவ்வூர்ப் பெரியோர் கூடிப் பேசி, 1998இல் ஏறத்தாழ 20 சதுரக் கிலோமீட்டர் காட்டைத் தாங்களே சரணாலயமாக அறிவித்தனர், வேட்டையைத் தடைசெய்தனர். துப்பாக்கியை இல்லந்தோறும் வைத்திருந்த ஊர், அதனைத் தானே கீழே வைத்தது.

மற்றொன்று வோக்கா மாவட்டத்தில் தொயாங் நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள பங்தி. சைபீரியாவிலும் வட சீனத்திலும் இனம்பெருக்கும் அமூர் வல்லூறுகள், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இலட்சக்கணக்கில் அங்கு வந்து தங்கி இளைப்பாறும். பின்னர் இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலை இடைநில்லாது தாண்டித் தென் ஆப்பிரிக்காவை நோக்கிப் பறக்கும். 2012ஆம் ஆண்டில் இப்பறவைகளை வலைவிரித்துப் பிடித்துப் பெருந்தொகையாகக் கொன்று விற்ற செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. ஊர் அவைகள் தடைவிதித்தன, தேவாலயங்களில் எடுத்துரைத்தனர், மீனவர்கள் வலைகளைச் சுருட்டினர். 2013இல் ஒரு பறவையும் அங்குக் கொல்லப்படவில்லை. அவ்வாண்டு மூன்று பறவைகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்டனர். அவற்றிற்கு நாகா, வோக்கா, பங்தி என்று பெயரிட்டனர். தன் ஊரின் பெயரைத் தாங்கிய பறவை ஆப்பிரிக்காவைச் சென்றடைந்ததையும், மறு ஆண்டு மீண்டு வந்ததையும் ஊர்மக்கள் பெருமிதத்துடன் பேசிக்கொண்டனர். பறவை விற்ற பணத்தை இழந்த அவ்வேழை மீனவர்க்கு நாடு என்ன ஈடு செய்தது என்னும் வினாவும் உடன் எழுகின்றது. பயணிகள் சென்று அவர்கள் இல்லங்களில் தங்கி, உணவிற்கும் உறைவிடத்திற்கும் உரிய பொருள் கொடுப்பது ஒரு வழி. இலடாக்கில் இவ்வழி நன்கு வேரூன்றியிருக்கிறது. ஆட்டைக் கவரும் பகையாகக் கருதப்பட்ட பனிச்சிறுத்தை, அதனைக் காண வரும் விருந்தினரால் ஊருக்கு வருவாய் தேடித்தரும் விலங்காக மாறியுள்ளது.

காட்டில் வாழும் மக்களை அப்புறப்படுத்தினால் விலங்குகள் நலமாக இருக்கும் என்று கூறுவோர் உளர். அவர் கூற்றை முற்றிலும் தள்ளிவிட இயலாது. நெருக்கமாக மாடு மேயும் காட்டில் மானுக்குப் புல் கிட்டாது; மான் இல்லாத காட்டில் புலிக்கு இரை கிட்டாது. பள்ளியும் மருத்துவமும் வேண்டித் தாமே வெளியேற விரும்பும் குடும்பங்களும் உண்டு. ஆனால் குனோவில் நடந்ததை நினைவுகூர்தல் வேண்டும். கீர்க் காட்டில் கொள்ளைநோய் வந்தால் சிங்க இனமே அற்றுவிடக்கூடும் என்று அஞ்சி, சிலவற்றைக் குனோவில் குடியேற்றத் திட்டமிட்டனர். அதற்காக 24 ஊர்கள் அக்காட்டிலிருந்து அகற்றப்பட்டன. அவ்வூர்களில் பெரும்பாலோர் சகரியா என்னும் பழங்குடியினர். 2013இல் உச்ச நீதிமன்றம் சிங்கங்களை அனுப்புமாறு ஆணையிட்டது. சிங்கம் இன்றுவரை அங்கு வரவில்லை. எந்த விலங்கிற்காக அம்மக்கள் வீட்டையும் விளைநிலத்தையும் விட்டுச் சென்றனரோ அவ்விலங்கு வாராமல், கடல் கடந்து வேறொரு விலங்கு வந்து சேர்ந்தது. குனோவில் சிவிங்கிப்புலியைக் கண்டு களிக்கும் பயணிகளுள் எத்துணைப் பேர் சகரியர் பெயரையேனும் கேட்டிருப்பர்?

இதற்கு மாறான எடுத்துக்காட்டு நமக்கு அண்மையிலேயே உள்ளது. சத்தியமங்கலக் காட்டை ஒட்டிக் கருநாடக எல்லையில் பிளிகிரிரங்கன் மலை நிற்கிறது. அங்குச் சோலிகர் என்னும் பழங்குடியினர் தேனும் நெல்லியும் திரட்டி வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ், 2011இல் அவர்களுடைய ஊர்களுக்குக் காட்டின்மீது கூட்டுரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றன் உள்ளே இத்தகைய உரிமை வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. புலியும் அங்கு இருக்கிறது, சோலிகரும் இருக்கின்றனர். வங்கத்துச் சுந்தரவனத்தில் தேனெடுக்கச் செல்லும் இந்துவும் இசுலாமியரும் போன்பீபி என்னும் ஒரே வனதேவியை வேண்டிக்கொண்டு புலிக்காட்டில் அடிவைப்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 2006இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட நம் நாட்டுப் புலிகள், 2022இல் 3,682 ஆக உயர்ந்தமைக்குக் காவலரின் உழைப்பு ஒரு காரணம். புலியின் அயலில் வாழ உடன்பட்ட இத்தகைய மக்களின் பொறுமை மற்றொரு காரணம்.

பொறுமை என்றதும், பயணிகளின் பொறுமையின்மை நினைவிற்கு வருகிறது. புலி தென்பட்டது என்று ஒருவர் கூறக் கேட்டதும் பத்து வண்டிகள் புழுதி பறக்க விரைகின்றன. அவ்விலங்கு சாலையைக் கடக்கவும் இடமின்றிச் சூழ்ந்து நிற்கின்றன. புலியைக் காணவில்லையெனில், கொடுத்த பணம் வீண் என்று வழிகாட்டியிடம் சினந்து பேசுவோரையும் காண்கிறோம். காடு நாடக அரங்கு அன்று. குறித்த நேரத்தில் திரை விலகுவதற்கு. காலடித் தடத்தையும், மரப்பட்டையில் பதிந்த நகக் கீறலையும், குரங்கு எழுப்பும் எச்சரிக்கைக் குரலையும் படிக்கக் கற்றவனுக்குப் புலி காணாத நாளும் நிறைந்த நாளே. அவற்றைப் படிக்கக் கற்பிப்போர் அவ்வக்காட்டின் மக்களே ஆவர். ஆதலின் செல்லுமிடத்து மொழியில் சில சொற்களையேனும் கற்றுச் செல்வது நலம். விலங்கின் பெயரிலிருந்தே தொடங்கலாம். நம் யானை கருநாடகத்தில் ஆனெ ஆகிறது. மலையாளத்தில் ஆன ஆகிறது. தெலுங்கில் ஏனுகு ஆகிறது. இந்தியில் ஹாத்தி என்பது கையுடையது என்னும் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. துதிக்கையைக் கையாகக் கண்ட நம் புலவர்களும் யானையைக் கைம்மா என்றனர். ஒன்றையொன்று சாராத இரு மொழிகள் ஒரு விலங்கை ஒரே கண்கொண்டு நோக்கியமை இன்பம் பயப்பது.

நெடும்பயணத்திற்குப் பொருள் வேண்டுமே, எளிய உழவர் வீட்டுப் பிள்ளைகள் எங்ஙனம் செல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. கீரையும் காசிரங்காவையும் உழைத்துப் பொருளீட்டிய பின் காணலாம். அதுவரை கண்ணெதிரே நிற்கும் மலைகளைக் காண்பதற்குத் தடை யாது? சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டிற்குச் செல்லாத மாணவர் சேலம் மாவட்டத்தில் மிகச் சிலரே இருப்பர். ஆயின் அங்கு நாம் செய்வது என்ன? மலைப்பாதையின் வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பழமும் பொரியும் வீசுகிறோம். அது இரக்கமன்று. அவை காட்டில் இரைதேடுவதை மறந்து, சாலையோரத்தில் கையேந்தி, வண்டிச் சக்கரத்தில் சிக்கி மாள்கின்றன. அம்மலையின் காப்பித் தோட்டங்களில் காட்டுமாடுகள் நடமாடுகின்றன. பழந்தமிழர் ஆமா என்று அழைத்த அவ்விலங்கு ஆறடி உயரம் வளரும். அது மருண்டு பாய்ந்தால் தோட்டத் தொழிலாளியே முதலில் அடிபடுவார். தங்கிச் செல்லும் விருந்தினர் அல்லர். தோட்டத்திற்கு வேலைக்குச் செல்லும் அத்தொழிலாளியிடம் ஒரு நாழிகை பேசினால், நூறு ஒளிப்படங்கள் தாராத அறிவைப் பெறலாம்.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 11,806 ஹெக்டேர் நிலத்தைத் தேவாங்கிற்கென்றே ஒரு சரணாலயமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்கிற்கு அமைந்த முதற் சரணாலயம் அதுவே. உள்ளங்கையில் அடங்கும் உடலும் உருண்டைக் கண்களும் உடைய அவ்விரவு விலங்கு, உழவர்களின் வேலியோர மரங்களிலும் வாழ்கிறது. பூச்சிகளைத் தின்று பயிருக்கு உதவுகிறது. அதனைக் காணச் சேலத்திலிருந்து இரண்டு மாநிலங்களைக் கடக்க வேண்டுவதில்லை.

கல்வராயன் மலையிலும் சேர்வராயனிலும் அருநூற்றுமலையிலும் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயரால் மலையாள நாட்டவர் என்று எண்ணிவிடலாகாது; இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமையும் தினையும் விளைவிப்பவர்கள். இவர்களுடைய பெரியோர்க்குத் தெரிந்த மரப்பெயர், பறவைப் பெயர், மருந்துச் செடிப் பெயர் பல, நம் அகராதிகளில் இன்னும் ஏறவில்லை. அவர்கள் மறைந்தால் அப்பெயர்களும் மறையும். மாணவர்கள் நால்வர் சேர்ந்து ஒரு குறிப்பேட்டுடன் சென்று, அப்பெயர்களை எழுதிவரலாம். அணையின் பெயருக்குரிய யானையைப் பற்றி அப்பெரியோரிடம் வழங்கும் கதைகளையும் கேட்டு வரலாம். வாழப்பாடியிலிருந்து புழுதிக்குட்டைக்கு மிதிவண்டியிலேயே சென்று மாலைக்குள் திரும்பிவிடலாம்.